55 மில்லிமீட்டர் இருட்டு

பழைய பிஸ்கட் டப்பா ஒன்று என்னிடம் இருக்கிறது. வட்டமான நீலத் தகர டப்பா. பல வீடுகளில் அதைத் திறந்தால் பிஸ்கட்டுக்குப் பதில் ஊசியும் நூற்கண்டும் பித்தானும் இருக்குமே, அந்த வகை. என்னுடையதைக் குலுக்கினால் சலங்கைச் சத்தம் கேட்கும். உள்ளே முழுக்க வளையங்கள். கறுப்புச் சாயம் ஏற்றிய அலுமினிய வளையங்கள், 5 மி.மீ. உயரம், 7.5, 11, 16.5, 21 என்று. ஒரு பக்கம் ஆண் மரை, மறுபக்கம் பெண் மரை. இரண்டு பக்கமும் பெண் மரையாக இருப்பவை சில. எதற்கு வாங்கினேன் என்பது எனக்கே மறந்துவிட்டது. தூக்கிப் போட மனம் வராது. என்றாவது ஓர் இரவு, மலைமேல், கடை கண்ணி இல்லாத இடத்தில், அதுதான் வேண்டியிருக்கும் என்ற பயம்.

வீட்டுக்கு வருகிறவர்கள் தொலைநோக்கியைத் தொட்டுப் பார்ப்பார்கள், கேமராவின் விலையைக் கேட்பார்கள். டப்பாவைத் திறந்தவர் இதுவரை யாருமில்லை. லென்ஸைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது, சென்சாரைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் காலி இடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பத்து வருடமாக வானத்தைப் படமெடுக்கும் இந்தப் பித்தில் இருக்கும் எனக்கோ, பெரும்பாலான இரவுகள் கழிந்தது அந்தக் காலி இடத்தில்தான்.

என் கருவி சின்னது. முகப்பு லென்ஸின் விட்டம் 61 மி.மீ., குவியத் தூரம் 360 மி.மீ.; தோள்பையில் அடங்கிவிடும். இதில் கண்ணை வைத்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, சனியின் வளையம் ஒரு காதுபோலத் தெரியும். ஆனால் படம் எடுக்க இந்தச் சின்னக் குழாய்க்கு ஒரு வசதி உண்டு: அகலம். 23.5 மி.மீ. அகலமுள்ள என் கேமராவின் சென்சாரில் இது விழவைக்கும் வானத்தில் ஏழு முழு நிலவுகளை வரிசையாக அடுக்கலாம். வானத்தின் பெரிய நெபுலாக்களுக்கு இந்த அகலம் வேண்டும். பெரிய தொலைநோக்கிகள் அவற்றின் ஒரு மூலையைத்தான் காட்டும்.

அகலத்துக்கு ஒரு கூலி கொடுக்கவேண்டும். இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்துச் செய்த லென்ஸ் ஒளியைத் தட்டையான பரப்பில் குவிப்பதில்லை. கிண்ணத்தின் உட்புறம்போல் வளைந்த பரப்பில் குவிக்கிறது. சென்சாரோ தட்டை. பணியாரக் குழிக்கான மாவைத் தோசைக்கல்லில் ஊற்றிய கதைதான். நடுவில் நட்சத்திரங்கள் ஊசிமுனையாக இருக்கும், ஓரங்களில் வால் முளைத்த பூச்சிகளாக நீந்தும். அந்தக் கிண்ணத்தைத் தட்டையாக்க லென்ஸுக்குப் பின்னால் இன்னொரு லென்ஸ் தொகுதியைத் திருகுகிறோம். பெயரே ஃபிளாட்னர். அது தன் வேலையைச் செய்ய ஒரு நிபந்தனை போடுகிறது: என் பின்விளிம்பிலிருந்து சென்சார் சரியாக இத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கவேண்டும். அந்த எண் பெரும்பாலும் 55.

ஏன் 55? முதலில் கேட்டபோது ஒளியியலில் ஏதோ ஆழமான காரணம் இருக்கும் என்று நினைத்தேன். காரணம் ஒளியியலில் இல்லை, வியாபாரத்தில் இருந்தது. 1957இல் ஜப்பானின் தைசெய் என்ற லென்ஸ் நிறுவனம், பின்னாளில் டாம்ரான் என்று பெயர் பெற்றது, ஒரு சிக்கலுக்கு வழி தேடியது. ஒவ்வொரு கேமராக்காரரும் தன் கேமராவுக்கு ஒரு தனி வாய் வைத்திருந்தார். ஒரே லென்ஸை எல்லாக் கேமராவிலும் மாட்ட வேண்டுமானால் லென்ஸின் முதுகை எந்தக் கேமராவின் ஆழத்தையும்விடத் தள்ளி நிறுத்த வேண்டும். மிச்சமிருக்கும் இடைவெளியை ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு வளையம் செய்து நிரப்பிக்கொள்ளலாம். அந்தத் தள்ளி நிறுத்திய தூரம்தான் 55 மி.மீ. மரை முதலில் 37 மி.மீ. விட்டத்தில் இருந்தது, சில ஆண்டுகளில் 42 ஆனது. டி-மவுண்ட் என்று இன்றும் சொல்கிறோமே, அந்த டி அந்த நிறுவனத்தின் பெயரெழுத்து.

கணக்கு அழகானது. கேனான் இ.எஃப். கேமராவில் மாட்டும் விளிம்பிலிருந்து ஃபிலிம் 44 மி.மீ. உள்ளே இருக்கிறது, அதனால் வளையம் 11 மி.மீ. நிகானில் 46.5, வளையம் 8.5. கூட்டினால் எல்லாம் 55. தொலைநோக்கி செய்பவர்கள் இந்த வளையங்கள் கடைகளில் கிடைப்பதைப் பார்த்து, தங்கள் ஃபிளாட்னரையும் அதே தூரத்துக்கு வடிவமைத்துக்கொண்டார்கள். வானத்துக்கும் இந்த எண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அந்தக் கேமராக்களில் 44, 46 என்று அவ்வளவு ஆழம் எதற்கு என்றும் கேட்கலாம். ஒரு கண்ணாடி எழுந்து மடங்குவதற்கு. எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே சாய்ந்து நிற்கும் முகக்கண்ணாடி, பொத்தானை அழுத்தினால் மேலே எகிறும். அதற்கு ஓர் அறை தேவைப்பட்டது. இப்போது வரும் கேமராக்களில் அந்தக் கண்ணாடி இல்லை. சோனியின் புதிய வகைகளில் ஆழம் 18 மி.மீ.தான், கேனானின் புதியதில் 20. அவற்றைத் தொலைநோக்கியில் மாட்ட 37, 35 மி.மீ. நீளத்துக்கு ஒரு வெறுங்குழாயை இடையில் வைக்கிறோம். எங்களைப் போன்றவர்கள் வாங்கும் குளிரூட்டிய வானியல் கேமராக்களில் முகக்கண்ணாடி என்றைக்குமே இருந்ததில்லை. ஆனாலும் அதன் அறையை நாங்கள் வளையம் வளையமாகச் சேர்த்துக் கட்டுகிறோம். மிக்ஸி வந்து முப்பது வருடம் ஆன பிறகும் சில சமையலறைகளில் ஆட்டுக்கல் இருந்த மூலையில் யாரும் எதையும் வைக்காமல் விட்டிருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? அதுபோல.

என் கணக்கு இது. கேமராவின் முகப்பிலிருந்து சென்சார் 17.5 மி.மீ. உள்ளே. ஃபில்டரைச் செருகும் சின்ன இழுப்பறை 21. மீதிக்கு ஒரு 16.5 வளையம். 17.5, 21, 16.5. கூட்டிப் பாருங்கள். முதல்முறை இந்தக் கூட்டல் சரியாக 55 வந்த அன்று, பள்ளிக்கூடத்தில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடையோடு என் விடை ஒத்துப்போனபோது வந்த அதே சந்தோஷம் வந்தது. அது நீடிக்கவில்லை, காரணத்துக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் மரை.

தமிழில் ஒருவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பதை மரை கழண்டுவிட்டது என்கிறோம். ஊர் என்னைப் பற்றி அப்படிப் பேசுவது காதில் விழுந்திருக்கிறது. ராத்திரி முழுக்க மொட்டை மாடியில் சிவப்பு விளக்கோடு உட்கார்ந்திருப்பவனை வேறு எப்படிப் பேசுவார்கள். ஆனால் கழலும் மரையால் எனக்கு ஒருநாளும் தொந்தரவு வந்ததில்லை. கழலாத மரைதான் படுத்தியிருக்கிறது. 42 மி.மீ. விட்டத்தில் உலகில் இரண்டு மரைகள் உண்டு. டி-மவுண்டின் மரையில் புரிக்குப் புரி இடைவெளி 0.75 மி.மீ. இன்னொன்று அதைவிட மூத்தது: 1949இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் கான்டாக்ஸ் எஸ் கேமராவோடு வந்து, பிராக்டிகா, பென்டாக்ஸ் என்று பரவிய லென்ஸ் மரை. அதன் புரி இடைவெளி 1 மி.மீ. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். விரலால் திருகினாலும் முதல் ஒரு சுற்று ஒன்றுதான். ஒன்றரைச் சுற்றில் பிடித்துக்கொள்ளும்.

எனக்கு அது ஜவ்வாது மலையில் நடந்தது. காவலூர் ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் அதே மலைத்தொடர். அதன் இருட்டில் கொஞ்சம் எனக்கும் கிடைக்கும் என்று ஒரு நண்பரின் நிலத்தில் முகாம் போடுவது வழக்கம். விற்றவர் 42 என்றார், நானும் 42 என்று வாங்கினேன், புரியை இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. இரவு பத்து மணிக்குத் திருகினேன். இறுகியது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தேன். இந்த விஷயத்தில் மனிதன் செய்யும் முதல் தப்பு அதுதான். மெல்லிய வளையத்தை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோமோ அவ்வளவுக்கு அது நீள்வட்டமாக நசுங்குகிறது, நசுங்க நசுங்க இன்னும் கடித்துக்கொள்கிறது. மாட்டிக்கொண்ட ஃபில்டராக இருந்தால் ஹவாய் செருப்பின் அடிப்பகுதியில் வளையத்தின் முகத்தைப் பதித்து, அழுத்தாமல் லேசாகத் திருப்பினால் கழன்று வந்துவிடும்; அந்த வித்தை எனக்கு முன்பே தெரியும். தவறான புரிக்குச் செருப்பு வைத்தியம் பலிக்கவில்லை. அன்றைக்கு ஆதிரையும் ரோகிணியும் நின்ற வானத்தைப் பாயில் மல்லாந்து படுத்துக் கண்ணாலேயே பார்த்தேன். நல்ல இரவு என்று சொல்லியிருப்பேன், கோபம் இல்லாமல் இருந்திருந்தால்.

மறுநாள் இறங்கி வரும் வழியில் வாணியம்பாடியில் ஒரு லேத் பட்டறை. தோல் பதனிடும் ஆலைகளுக்கு உருளையும் தண்டும் கடைந்து கொடுக்கும் இடம். பட்டறைக்காரர் கையில் வாங்கிப் பார்த்தார்.

“என்ன சார் இது, பம்பு ஐட்டமா?”

“டெலஸ்கோப்புங்க.”

“ரெண்டும் அலுமினியம். கடிச்சுக்கிச்சு. அலுமினியத்துக்கு அலுமினியம் ஆகாது சார், ஒண்ணு பித்தளையா இருக்கணும். இல்ல, சொட்டு கிரீஸாவது வெச்சிருக்கணும்.”

அவர் வாளால் வளையத்தில் ஓரிடத்தில் கீறி, நெம்பி, எடுத்துக் கொடுத்தார். உள் மரையில் ஒரு புரி அடிபட்டிருந்தது, மற்றவை தப்பின. அப்படியே ஒரு மாற்று வளையமும் கடைந்து தரச் சொன்னேன். 42 மி.மீ., முக்கால் பிச்சு. செய்துகொடுத்தார். இந்த இடத்தில் கைவினைஞரின் மேதைமையைப் பற்றி ஒரு பத்தி எழுதினால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால் அந்த வளையம் உதவவில்லை. மரை சரியாக ஓடியது. ஆனால் இரண்டு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. ஒரு பக்கம் மயிரிழை தடித்திருந்தது. ஆலை உருளைக்கு அது ஒரு குறையே இல்லை. என் படத்தில் வலது மேல் மூலை நட்சத்திரங்கள் மட்டும் மஞ்சள் முட்டைகளாயின. நாம் தச்சரிடமும் கொத்தனாரிடமும் நூல் கணக்கில் பேசிப் பழகியவர்கள், ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று, மூன்று மில்லிமீட்டருக்கு மேல். இங்கே பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு வானம் சாய்கிறது. அவர்மேல் தப்பில்லை. நான் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. சொல்லவேண்டியது என்ன என்பதே படம் வந்த பிறகுதான் தெரிந்தது.

மூலை நட்சத்திரங்களைப் படிப்பது ஒரு கைரேகை சாஸ்திரம். பெரும்பாலான ஃபிளாட்னர்களில், நடுவிலிருந்து வெளிநோக்கிக் கதிர்போல் நட்சத்திரங்கள் நீண்டால் சென்சார் கிட்டத்தில் இருக்கிறது, வளையம் கூட்ட வேண்டும். நடுவைச் சுற்றி வட்டமடிப்பதுபோல் இழுபட்டால் தூரத்தில் இருக்கிறது, குறைக்க வேண்டும். நான்கு மூலையும் ஒரேமாதிரி கெட்டிருந்தால் தூரத்தின் குற்றம். ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால் சாய்வின் குற்றம். எல்லா மூலையும் வேறு வேறு விதமாகக் கெட்டிருந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

இந்த நுணுக்கத்துக்குத்தான் எக்ஸ்-ரே. நான் சிறுவனாக இருந்தபோது, 1980 பிப்ரவரி 16 அன்று பிற்பகலில், தமிழ்நாட்டில் பகுதிக் கிரகணம். கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஊரே உள்ளே இருந்தது. என் மாமா என்னைக் கொல்லைக்கு அழைத்துப்போய் யாருடைய மார்பெலும்பு வழியாகவோ சூரியனைக் காட்டினார். அது தப்பு. எக்ஸ்-ரே ஃபிலிம் வெளிச்சத்தைத்தான் குறைக்கும்; கண்ணின் விழித்திரையைச் சுடும் அகச்சிவப்பைப் போதுமான அளவு தடுக்காது. என் கண் தப்பியது அதிர்ஷ்டம். ஆனால் அந்த ஃபிலிமின் வழவழப்பும், வளைத்தால் எழும் டப டப ஓசையும் கையில் தங்கிவிட்டன. பல வருடம் கழித்து, வளையத்துக்கு இடையில் வைக்க மெல்லிய தகடு எதுவும் கிடைக்காத ஒரு நாளில், பரணில் இருந்த அம்மாவின் முழங்கால் எக்ஸ்-ரே நினைவுக்கு வந்தது. வெர்னியரில் வைத்து அளந்தேன். 0.2 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. கத்தரியில் சுத்தமாக வெட்டுப்படுகிறது, கிழியாது, ஈரத்தில் உப்பாது. இதற்கென்றே விற்கும் பிளாஸ்டிக் வாஷர்கள் உண்டு, 0.1 முதல் 0.5 வரை; தபாலில் வர மூன்று வாரம் ஆகும். அம்மாவின் முட்டிக்குக் கீழே, எலும்பு படாத ஓரமாகப் பார்த்து, வளையம் வளையமாக வெட்டினேன்.

சரி, 55 கெட்ட கதை. கூரியரில் ஃபில்டர் வந்தது. அம்மாதான் வாங்கி வைத்தாள். ஃபில்டர் என்றால் எங்கள் வீட்டில் பித்தளையில் ஒன்றுதான். பெட்டியைத் திறந்து, இரண்டு அங்குலக் கண்ணாடி வில்லை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “இதுல எத்தனை பேருக்குடா காபி இறங்கும்?” விலையைச் சொல்லவில்லை.

அந்த வில்லையின் தடிமன் 2 மி.மீ. அதை இழுப்பறையில் செருகினேன். வெளியே எந்த அளவும் மாறவில்லை, கூட்டல் அதே 55. ஆனால் மூலைகள் மறுபடியும் நீண்டன. கோயில் குளத்தில் இறங்கியவர்களுக்கு இது தெரியும். தண்ணீருக்குள் இருக்கும் படி மேலே வந்ததுபோல் தெரியும். நம்பிக் காலை வைத்தால் படி இன்னும் கீழே இருக்கும். ஒளி அடர்ந்த ஒன்றின் வழியாகப் போனால் தூரங்களைப் பற்றிப் பொய் சொல்லும். குவிந்துவரும் ஒளிக்கூம்பின் குறுக்கே கண்ணாடியை வைத்தால் குவியும் இடம் பின்னால் தள்ளிப்போகிறது, கண்ணாடியின் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 2 மி.மீ. கண்ணாடிக்கு 0.7 மி.மீ. ஆக எனக்கு வேண்டியது 55 இல்லை, 55.7. குறுக்கே ஒன்று வந்தால் இடம் குறையும் என்றுதான் மனம் எதிர்பார்க்கும். இங்கே குறுக்கே வந்தது தனக்கு மேலும் இடம் கேட்கிறது. அம்மாவின் எக்ஸ்-ரேயில் மூன்று வளையம் வைத்தேன். மூன்று மூலைகள் அடங்கின.

ஃபில்டருக்கு வடிகட்டி என்று மொழிபெயர்க்கிறோம். எனக்கு அந்தச் சொல்லில் ஒரு மனத்தாங்கல். வடிகட்டினால் சக்கை மேலே நிற்கும், சாறு கீழே இறங்கும். எது சக்கை என்பதில் யாருக்கும் சந்தேகம் இராது. நான் வாங்கிய வில்லையோ நட்சத்திரங்களின் ஒளியில் பெரும்பகுதியையே சக்கை என்று திருப்பி அனுப்புகிறது. இரண்டே சன்னல்கள் திறந்திருக்கும், ஒவ்வொன்றும் ஏழு நானோமீட்டர் அகலம். ஒன்று 656.3 நானோமீட்டரில், ஹைட்ரஜன் ஆல்பாவின் ஆழ்சிவப்பு. மற்றது 500.7இல், ஆக்ஸிஜனின் நீலப்பச்சை. நெபுலாக்கள் தம் ஒளியில் பெரும்பகுதியை இப்படிச் சில கோடுகளில் உமிழ்கின்றன என்பதால் இந்தக் கஞ்சத்தனம் பலிக்கிறது.

சிவப்புக் கோட்டுக்கு சி என்று பெயரிட்டவர் ஃபிரான்ஹோஃபர். 1814இல் சூரிய நிறமாலையில் நூற்றுக்கணக்கான கறுப்புக் கோடுகளை அளந்து, முக்கியமானவற்றுக்கு எழுத்துகளைக் கொடுத்தார். அனாதையாக ஒரு கண்ணாடிக்காரரிடம் வேலை பழகிய பையன். 1801இல் மியூனிக்கில் அந்தப் பட்டறை வீடு இடிந்து விழுந்தபோது இடிபாட்டிலிருந்து உயிரோடு எடுக்கப்பட்டவர். 39 வயதில் இறந்தார். அவர் கோடுகளைத் தேடியதே நல்ல லென்ஸ் செய்வதற்காகத்தான், ஒவ்வொரு நிறத்தையும் கண்ணாடி எவ்வளவு வளைக்கிறது என்று துல்லியமாக அறிய அவருக்கு அடையாளக் குறிகள் வேண்டியிருந்தன. என்னுடையதைப் போன்ற இரட்டை லென்ஸின் ஒரு வடிவம் இன்றும் அவர் பெயரில் வழங்குகிறது. குழாயின் முன்னால் அவர் லென்ஸ், பின்னால் அவர் கோடு. நடுவில் என் பிஸ்கட் டப்பா.

பச்சைக் கோட்டின் கதை வேறு. 1864 ஆகஸ்டில் வில்லியம் ஹக்கின்ஸ் டிராகோ மண்டலத்தின் ஒரு நெபுலாவை நிறமாலைமானியில் பார்த்தார். நட்சத்திரக் கூட்டமாக இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் தனிக் கோடுகள், வாயுவின் கையெழுத்து. அதில் பிரகாசமான பச்சை, பூமியில் தெரிந்த எந்தப் பொருளோடும் ஒட்டவில்லை. நெபுலியம் என்று ஒரு புதுத் தனிமத்தையே கற்பித்துக்கொண்டார்கள். 1927இல் ஐரா போவன்தான் அது சாதாரண ஆக்ஸிஜன் என்று காட்டினார், இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்ஸிஜன். அந்தக் கோட்டை உமிழ அது நெடுநேரம் எதனோடும் மோதாமல் தனித்திருக்க வேண்டும். நம் ஆய்வகங்களில் அவ்வளவு வெறுமையைச் செய்வது மிகக் கடினம், அணுக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டே இருக்கும்.

ஹைட்ரஜன் ஆல்பாவில் நமக்கு உள்ளூர்ப் பெருமை ஒன்று உண்டு. கோடைக்கானல் ஆய்வகம் 1904 முதல் 15 செ.மீ. லென்ஸ் தொலைநோக்கி ஒன்றால் சூரியனின் வெள்ளொளிப் படங்களை எடுத்துவந்தது. 1912 முதல் நிறமாலைக் கருவியால் ஹைட்ரஜன் ஆல்பாவிலும். கண்ணாடித் தகடுகள், மேகமில்லாத நாட்களில் எல்லாம். நூறு வருடத்துக்கு மேலான வரிசை. அந்தத் தகடுகளைப் பற்றி நினைக்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். அங்கே வளையங்களை மாற்றிக்கொண்டே இருக்க மாட்டார்கள்.

கடையில் வாங்கும் சாதாரண கேமரா இந்தச் சிவப்பைப் பெருமளவு தடுத்துவிடும். சென்சாருக்கு முன்னால் ஒரு நீலப்பச்சைக் கண்ணாடி இருக்கிறது, மனிதத் தோல் இயல்பாகத் தெரிவதற்காக. கல்யாண ஆல்பத்துக்கு அது வேண்டும். அதனால் வானப் படக்காரர்கள் கேமராவைப் பிரித்து அந்தக் கண்ணாடியைப் பிடுங்கிவிடுவார்கள். அதை எடுத்தால் முன்பு சொன்ன மூன்றில் ஒரு பங்குக் கணக்கு இந்த முறை எதிர்ப்பக்கம் வேலை செய்யும், குவியும் இடம் முன்னே வந்துவிடும். ஒரு கணக்கும் சும்மா விடாது. கேனானும் நிகானும் இடையிடையே வானுக்கென்றே தனிக் கேமராக்கள் வெளியிட்டன, கேனான் 2005இல் ஒன்று, 2012இல் ஒன்று, 2019இல் ஒன்று, நிகான் 2015இல் ஒன்று. அவற்றால் பிறந்தநாள் விழாவைப் படமெடுத்தால் எல்லோர் முகமும் கொஞ்சம் சிவந்திருக்கும்.

ஒரே ஒரு ஃபில்டருக்கு மட்டும் இந்த இருட்டில் இடம் கிடையாது: சூரிய ஃபில்டர். அது குழாயின் முகப்பில், லென்ஸுக்கும் முன்னால் இருக்கவேண்டும். முன்பெல்லாம் மலிவுத் தொலைநோக்கிகளோடு, கண் வைக்கும் வில்லையில் திருகிக்கொள்ள ஒரு கறுப்புக் கண்ணாடி தருவார்கள். லென்ஸ் குவித்த வெயில் அத்தனையும் அந்தப் பொத்தான் அளவுக் கண்ணாடியில் இறங்கும்; பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரிசல் விடும். அப்படி ஒன்று பழைய பெட்டியில் கிடைத்தால் சுத்தியலால் உடைத்துவிடுங்கள்.

என் ஊரில் சில வருடங்களுக்கு முன் தெருவிளக்குகளை மாற்றினார்கள். மஞ்சள் சோடியம் விளக்கு 589 நானோமீட்டரையொட்டித் தன் ஒளியில் பெரும்பகுதியைக் கொட்டும். அதை மட்டும் மறைக்கும் ஃபில்டர் ஒன்று வைத்திருந்தேன். தெருவே இல்லாததுபோல் படம் வரும். இப்போது வெள்ளை எல்.இ.டி. அது எல்லா நிறத்திலும் கலந்து பரவுகிறது. மின்சாரம் மிச்சம் என்கிறார்கள், இருக்கலாம். அந்தப் பழைய ஃபில்டரை விற்க மனமில்லாமல் டப்பாவில் போட்டிருக்கிறேன். அதன் வழியாகத் தெருவைப் பார்த்தால் எல்.இ.டி. விளக்கு கொஞ்சம் ஊதாவாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

பல்லாயிரம் ஆண்டு பயணம் செய்து வந்த ஒளி கடைசி 55 மில்லிமீட்டரில் தடுமாறுகிறது என்று சொல்லிப் புல்லரிக்க வைக்கலாம். நானே சில மேடைகளில் சொல்லியிருக்கிறேன், கைதட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒளிக்கு எந்த அவசரமும் இல்லை, எந்த ஏமாற்றமும் இல்லை, தடுமாறுவது நான். எனக்கு இதில் பிடித்திருப்பது வேறு. ஜப்பானில் ஒரு வியாபாரி வைத்த தூரம், எப்போதோ இருந்த ஒரு முகக்கண்ணாடி, இடிபாட்டிலிருந்து எழுந்த ஒரு பையனின் கோடு, அம்மாவின் முட்டிக்குக் கீழே ஒரு துண்டு, எல்லாம் ஒரே அச்சில் திருகப்பட்டு நிற்கின்றன. அந்தக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்சுவரில் மங்கலான கறுப்பு பூசியிருப்பார்கள், சிதறும் ஒளியைக் குடித்துவிட.

போன மார்ச்சில் மறுபடி மலையேறினேன். வடகிழக்குப் பருவமழை முடிந்து, கோடைப் புகைமூட்டம் ஏறுவதற்குமுன் கிடைக்கும் சில வாரங்கள். இந்த அட்சரேகையில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே ஏறத்தாழ 13 டிகிரியில்தான் நிற்கும். ஒரு புளியமரம் போதும் அதை மறைக்க, கருவியை வடக்கே குறிவைப்பது பெரும்பாடு. அந்த நஷ்டத்துக்கு ஈடாகத் தெற்கு திறந்திருக்கிறது. ஐரோப்பாக்காரர்கள் வீட்டிலிருந்து ஒருநாளும் பார்க்கமுடியாத கரீனா நெபுலா இங்கே மலைமுகட்டுக்கு மேலே, அடிவானத்திலிருந்து 18 டிகிரி வரை ஏறி வரும். ஏறத்தாழ 7,500 ஒளியாண்டு தூரம். அதன் நடுவில் இருக்கும் ஈட்டா கரீனா 1843இல் திடீரென்று கொழுந்துவிட்டு, வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரமாகச் சில காலம் நின்றது. இப்போது சாதாரணமாக இருக்கிறது.

ஐந்து நிமிடப் படங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. முதல் படம் மடிக்கணினித் திரையில் விழுந்ததும் நெபுலாவைப் பார்க்கவில்லை, மூலைகளுக்குத்தான் போனேன். மூன்று சுத்தம். இடது கீழ் மூலையில் மட்டும் நட்சத்திரங்கள் ஒரு சொட்டு நீண்டிருந்தன. நான்காவது எக்ஸ்-ரே துண்டைப் பிறைபோல் பாதியாக வெட்டி, அந்தப் பக்கம் மட்டும் வைத்தேன், திருகினேன், ஒரு துளி கிரீஸோடு. மறுபடி ஐந்து நிமிடம். சரியாகிவிட்டதா, அல்லது எனக்கு அப்படித் தோன்றியதா என்று உருப்பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது முகட்டிலிருந்து மேகம் ஏறியது. மொத்தம் பதினொரு படம் தேறியது.

அந்த வாரத்திலேயே அம்மாவுக்கு முட்டி வலி அதிகமானது. புதிய டாக்டர் பழைய படம் இருந்தால் கொண்டுவாருங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார். பரணிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் அதை வெளிச்சப் பெட்டியில் செருகினார். முட்டிக்குக் கீழே நான்கு வட்ட ஓட்டைகள் வழியாக வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது.

“இது என்னம்மா?”

“அவன் ஃபில்டருக்கு வெட்டிட்டான்” என்றாள் அம்மா.

“காபி ஃபில்டருக்கா?”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, “ஆமாங்க” என்றாள்.